ஒரு கடன் விண்ணப்பத்தின் பின்னால் நடந்து பாருங்கள்

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராகச் சேர்ந்து பத்து மாதம். வயது 34. என்னோடு எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அங்கத்தவர்களில் பாதிக்கு மேல் கமக்காரர்கள், விதைப்புக் காலத்தில் கடனுக்கு வந்தால் மூன்று தரம், நாலு தரம் அலைகிறார்கள், பேச்சு வாங்குவது நான்தான். தலைவர் ஒரு வேலை சொல்லுவார், செயலாளர் அதே பிள்ளையிடம் வேறொன்று சொல்லுவார், எனக்குப் பின்னேரம்தான் தெரியவரும். எங்கள் மூத்த லிகிதர் ஐயாவுக்கு 57 வயது. கோவைகள் எல்லாம் அவருடைய தலைக்குள்தான் இருக்கின்றன, அவர் லீவு என்றால் கந்தோரே லீவு. என்னைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார், சொன்னதற்குத் தலையாட்டுவார், செய்யமாட்டார். நான் வந்த புதிதில் ஐந்து எஸ் (வேலையிடத்தை ஒழுங்குபடுத்துகிற ஜப்பானிய முறை) செய்கிறோம் என்று எல்லாவற்றுக்கும் லேபல் ஒட்டினோம், மூன்று மாதத்தில் பழையபடி. நான் வீடு போய்ச் சேர இரவு ஏழு மணி ஆகிறது. டிப்ளோமாவில் படித்த முகாமைத்துவத் தத்துவங்கள் எல்லாம் பாடம், ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. இன்னொன்று, காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒன்றாகத் தேத்தண்ணிக்குப் போய்விடுகிறார்கள், அதை நிற்பாட்டலாமா?

பதில்:

தங்கச்சி, 'பிள்ளை' என்று எழுதத்தான் கை வந்தது, உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு நிற்பாட்டிக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷம் வன்னிக் கந்தோர்களில் இருந்தவன் நான். எழுதுவினைஞராகப் போய் நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றேன், இப்போது சங்கங்களுக்கும் சின்னக் கம்பனிகளுக்கும் போய் கந்தோர் வேலையை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். நீங்கள் எழுதிய எல்லா ஆக்களையும் எனக்குத் தெரியும். கொஞ்சக் காலம் அந்த மூத்த லிகிதராக நானே இருந்திருக்கிறேன், அந்தக் கதை பிறகு.

கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். தலைவர் எப்படி, செயலாளர் எப்படி, லிகிதர் எப்படி என்று எல்லோரைப் பற்றியும் இருக்கிறது. ஆனால் ஒரு கடன் விண்ணப்பம் வாசலால் வந்து, காசாக அங்கத்தவர் கைக்குப் போகும்வரை எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று ஒரு வரி இல்லை. ஆக்களைத் திருத்துவதில் தொடங்கினால் ஒரு வருஷம் சண்டை பிடிப்பீர்கள், பிறகு களைத்துப் போவீர்கள். கடதாசியில் தொடங்குங்கள். ஆக்களில் கொஞ்சப் பேர் அதோடு தானாகவே சரிவருவார்கள், மிச்சப் பேரில் என்ன பிழை என்பதும் அப்போதுதான் உங்களுக்குச் சரியாக விளங்கும்.

எப்படியென்றால், திங்கட்கிழமை காலையில் முதலாவதாக வருகிற கடன் விண்ணப்பத்தை எடுங்கள். அதன் முன்னால் ஒரு வெள்ளைத் தாளைக் குத்தி, திகதியும் நேரமும் போடுங்கள். அது யாருடைய கைக்குப் போனாலும் அவர் எத்தனை மணிக்கு வாங்கினார், என்ன செய்தார், யாரிடம் எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று ஒரு வரி எழுதட்டும், செய்யாமல் வைத்திருந்தால் எதற்காகக் காத்திருக்கிறது என்பதையும் எழுதட்டும். இது ஆள் பிடிக்கிற வேலையில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் மட்டும் நம்பமாட்டார்கள், அதனால் உங்கள் மேசையில் அது கிடந்த நேரத்தை ஒளிக்காமல் நீங்களே முதலில் எழுதிக் காட்டுங்கள். ஐந்து விண்ணப்பம் போதும், ஐம்பது தேவையில்லை.

சில வருஷத்துக்கு முன்னர் ஒரு சங்கத்தில், பெயர் வேண்டாம், இதைச் செய்தோம். ஒரு விண்ணப்பம் உள்ளே வந்து காசு வெளியே போக 19 நாள் எடுத்தது. அதில் உண்மையாகக் கை வைத்து வேலை செய்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மணித்தியாலம் வரவில்லை. மிச்சம் முழுக்கக் கிடைதான். நாலு நாள், வங்கிப் புத்தகப் பிரதி இல்லை என்று கிடந்தது. புத்தகம் அந்த மனுசனின் பையிலேயே இருந்தது, வந்த அன்றே சொல்லியிருந்தால் எதிர்க் கடையில் போட்டோக் கொப்பி எடுத்துத் தந்துவிட்டுப் போயிருப்பார். இன்னொரு நாலு நாள், தலைவரின் கையெழுத்துக்கு. அவர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் விண்ணப்பம் அவருடைய மேசைக்குப் போனது வெள்ளிக்கிழமை பின்னேரம், அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட பிறகு. ஐந்து நாள் ஏன் கிடந்தது என்று யாருக்குமே தெரியாது. வெளிக்கள உத்தியோகத்தர் வந்து எடுப்பார் என்று லிகிதர் இருந்தார், லிகிதர் கூப்பிட்டுத் தருவார் என்று வெளிக்களம் இருந்தது. இரண்டு பேருமே நல்ல வேலைகாரர்கள், ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபமும் இல்லை. அந்த ஐந்து நாளுக்கு யாரைப் போய்த் திட்டுவது, சொல்லுங்கள்?

தொழிற்சாலை வேலையை மணிக்கூடு வைத்து அளந்து பார்த்த டெய்லரை நீங்கள் டிப்ளோமாவில் படித்திருப்பீர்கள். தொழிற்சாலைக்கு அவர் செய்ததைக் கந்தோருக்குக் கொண்டுவந்தவர் லெஃபிங்வெல் என்று ஒரு அமெரிக்கர், 1917 அளவில். எழுதுவினைஞர் தண்ணி குடிக்க நடக்கிற தூரத்தைக் கூடக் கணக்குப் பார்த்த மனுசன். அந்த அளவுக்கு நீங்கள் போகத் தேவையில்லை, மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு ஆக்களுக்குப் பின்னால் திரிந்தால் பகைதான் வரும். ஆனால் வேலையைக் கண்ணால் பார்க்காமல் வேலையைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று அவர் நினைத்தாரே, அது சரி. கடதாசியின் பின்னால் நீங்கள் போனால் போதும், ஆளின் பின்னால் வேண்டாம்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஒரு நாள் காலையில் அரை மணித்தியாலம் அங்கத்தவர்கள் குந்துகிற வாங்கில் போய் இருங்கள். அங்கிருந்து பார்த்தால் உங்கள் கந்தோர் எப்படித் தெரிகிறது? கவுண்டரில் இருப்பவர் யார், எதற்கு யாரைக் கேட்பது, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? அரச கந்தோர்களில் பிரஜைகள் சாசனம் என்று ஒரு பலகை மாட்டியிருப்பார்களே, இன்ன சேவை, இன்ன கட்டணம், இத்தனை நாள், பொறுப்பானவர் இன்னார் என்று. பல இடங்களில் அது சுவருக்கு அலங்காரம்தான், ஆனால் யோசனை நல்லது. உங்கள் சங்கத்துக்குக் கடனுக்கு மட்டும் ஒரு அரைத்தாள் போதும், தேவையான பிரதிகள், பிணையாளிகள் வரவேண்டிய நாள், காசு கிடைக்கும் நாள். அதை அடித்து அங்கத்தவர் கையில் கொடுங்கள், முழங்காவிலில் இருந்தோ அக்கராயனில் இருந்தோ பஸ் பிடித்து வருகிறவருக்கு ஒவ்வொரு தரமும் ஒரு நாள் உழைப்புப் போகிறது. பேச்சு வாங்குவதில் பாதி இந்த அரைத்தாளோடு குறையும் என்று நான் நம்புகிறேன்.

சரி, விதைப்புக் கால நெருக்கடிக்கு வருவோம். அது ஒவ்வொரு வருஷமும் வருகிறது, ஒவ்வொரு வருஷமும் உங்கள் கந்தோர் புதிதாய்ப் பயப்படுகிறது. இந்த இடத்தில் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இரணைமடுக் குளத்தடிக்குப் போங்கள். போகம் தொடங்க முன்னர் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு ஒருதரம் போய்ப் பின்னால் நின்று பாருங்கள். மாவட்டச் செயலாளர் இருப்பார், நீர்ப்பாசனம், கமநல சேவை, விவசாயம், வங்கி என்று எல்லோரும் இருப்பார்கள், கமக்காரர் அமைப்புக்காரர் சத்தம் போடுவார்கள், ஒருத்தரையொருத்தர் ஏசுவார்கள். கடைசியில் என்ன நடக்கிறது? குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர், வாய்க்கால் துப்புரவு எந்தத் திகதிக்குள், முதல் தண்ணீர் எப்போது, எந்தத் திகதிக்குப் பிறகு விதைக்கக் கூடாது, மாடுகளை எப்போது கட்ட வேண்டும் என்று தீர்மானித்து, எல்லோர் முன்னாலும் எழுதிவிடுவார்கள். பிறகு யாரும் எனக்குத் தெரியாது என்று சொல்ல ஏலாது. சிறுபோகம் என்றால் தண்ணீர் குறைவு, விரும்பின எல்லா வயலும் செய்ய முடியாது என்பதையும் அங்கேயே, முகத்துக்கு முன்னால் சொல்லிவிடுவார்கள். இதைவிட நல்ல முகாமைத்துவ வகுப்பு எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவனும் இந்த வகுப்புக்குப் போயிருக்கிறான்.

அதே மாதிரி ஒன்று உங்கள் கந்தோருக்கும் வைக்க வேண்டும். மாரி மழையோடு விதைக்கிற காலபோகக் கடனுக்கு ஆவணி மாதத்திலேயே ஒரு நாள், நிர்வாகக் குழுவும் உங்கள் எட்டுப் பேரும் ஒன்றாக இருந்து, விண்ணப்பம் எடுக்கும் கடைசித் திகதி, குழு கூடி அனுமதிக்கிற திகதிகள், காசு கொடுக்கிற நாட்கள், கடனுக்குச் சனம் நெருக்குகிற ஆறு கிழமைக்குள் யார் யார் லீவு எடுக்கப் போகிறார்கள் (கலியாண வீடு, கோயில் திருவிழா எல்லாம் முதலே தெரியும்தானே) என்று எழுதி, கூட்டக் குறிப்பில் ஏற்றி, ஒரு பிரதியை வாசலில் ஒட்டுங்கள். அந்த ஆறு கிழமையும் உங்களுக்குச் சிறுபோகம் மாதிரி. நேரம்தான் தண்ணீர், ஏக்கரைக் குறைக்கத்தான் வேண்டும். ஆண்டு அறிக்கை, பழைய அலுமாரி துப்புரவாக்குதல், பயிற்சிப் பட்டறை எதையும் அந்தக் காலத்துக்குள் விடாதீர்கள், மேலிடத்திலிருந்து கேட்டாலும் பிறகு திகதி கேளுங்கள்.

தலைவரும் செயலாளரும் தனித்தனியாக வேலை சொல்வதைப் பற்றி. ஒரு ஆளுக்கு ஒரே இடத்திலிருந்துதான் கட்டளை வர வேண்டும் என்று பயோல் 1916 இல் எழுதின 14 தத்துவத்தில் ஒன்று, நீங்களும் பரீட்சைக்கு எழுதியிருப்பீர்கள். அவர் பல்கலைக்கழகத்தில் இருந்து யோசித்துச் சொன்ன ஆள் இல்லை, பிரான்ஸில் சுரங்கக் கம்பனி நடத்தினவர், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நிலத்துக்குக் கீழே என்ன நடக்கும் என்று தெரிந்தவர். ஆனால் அந்தத் தத்துவத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் தலைவருக்கு முன்னால் வைத்தீர்களோ, முடிந்தது. அவர் ஊர் தெரிவு செய்த ஆள், உங்கள் அப்பாவின் வயது, நாலு பேருக்கு முன்னால் விட்டுக்கொடுக்கமாட்டார்.

தனியாகப் போங்கள், அந்த விண்ணப்பத்தில் குத்தின தாளையும் கொண்டு போங்கள். "ஐயா, நீங்கள் சொல்லுற வேலை பிந்துது. ஏனெண்டு பாத்தன், பிள்ளையளுக்கு எதை முதல் செய்யிறது எண்டு தெரியேல்ல. என்ர மேசையில ஒரு கொப்பி வைக்கிறன், நீங்கள் சொல்லுறதும் செயலாளர் சொல்லுறதும் அதில ஏறட்டும், எது முதல் எண்டு நீங்களே வெள்ளிக்கிழமையில பாத்துச் சொல்லுங்கோ" என்று கதையுங்கள். இதில் நீங்கள் அவருடைய அதிகாரத்தைக் குறைக்கவில்லை, அவருடைய வேலை நடக்கத்தான் வழி கேட்கிறீர்கள், அது உண்மையும்தான். பிறகு அந்தக் கொப்பியை விடாதீர்கள். தலைவர் நேரே காசாளர் பிள்ளைக்குப் போன் எடுத்தால் அவள் மறுக்க வேண்டியதில்லை, "சரி ஐயா, அக்காட்டச் சொல்லிப் பதிஞ்சுபோட்டுச் செய்யிறன்" என்றால் போதும். இரண்டு மாதம் போக, தலைவர் உங்களுக்கே எடுப்பார், ஏனென்றால் அதுதான் கெதியாக நடக்கிற வழி என்று அவருக்குத் தெரிந்துவிடும். எட்டுப் பேருக்கும் கடமைப் பட்டியல் எழுதி நிர்வாகக் குழுவில் அனுமதி எடுத்து வைப்பதும் இதோடு சேர்ந்த வேலை. அது இல்லாவிட்டால் உங்கள் கொப்பிக்குப் பலம் இல்லை. ஒன்றை மறக்கக் கூடாது, எல்லாம் உங்கள் ஊடாகத்தான் என்று பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பயோலே சொல்லியிருக்கிறார், பக்கத்துப் பக்கத்துப் பிரிவில் இருக்கிற இரண்டு பேர் தங்களுக்குள் கதைத்து முடிக்கலாம், மேலே இருக்கிறவருக்குத் தெரிவித்தால் சரி என்று. அதைப் படிக்கிறவர்கள் அநேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வைபர் குழுவில் வேலை சொல்லுகிற பழக்கம் உங்கள் கந்தோரிலும் இருக்கும், எங்கே இல்லை. காசு சம்பந்தப்பட்டதும் திகதி சம்பந்தப்பட்டதும் கொப்பியில் ஏறாமல் வேலையாகாது என்று மட்டும் வையுங்கள். பிறந்தநாள் வாழ்த்து வைபரில் போகட்டும்.

இனி லிகிதர் ஐயா. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

57 வயது, கிளிநொச்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் போர் முடிந்த 2009 இல் அவருக்கு நாற்பது அளவில். உங்கள் சங்கத்தின் பழைய அங்கத்தவர் பதிவேடு இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது, இருந்தாலும் முழுசாக இராது. மீள்குடியேறி வந்து சங்கம் திரும்பத் தொடங்கினபோது, மக்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்த பாஸ் புத்தகங்களையும் தன்னுடைய ஞாபகத்தையும் வைத்து யாரோ ஒருவர் அந்தப் பதிவேட்டைத் திரும்ப எழுதியிருப்பார். அது இவராக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன், கேட்டுப் பாருங்கள். அப்படி இருந்தவருக்கு, எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது என்பது சோம்பல் இல்லை. ஒரு காலத்தில் கந்தோர் என்று மிஞ்சியதே அந்தத் தலைதான்.

நான் சொல்ல வந்த கதையும் இதுதான். 2008 கடைசியில் கிளிநொச்சியில் இருந்து கிழக்கே விசுவமடுப் பக்கம் இடம்பெயர்ந்தபோது எங்கள் பிரிவுக்குக் கிடைத்தது ஒரு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி, ஒரே ஒரு நடை. நாலு அலுமாரிக் கோவை. எதை ஏற்றுவது? நான்தான் தெரிவு செய்தேன், அரிசிச் சாக்குகளில் கட்டி ஏற்றினோம். ஏற்றினதில் பாதி, பிறகு பார்த்தால், யாருக்கும் தேவைப்படாத பழைய சுற்றறிக்கைகள், மேல் தட்டில் கைக்கு எட்டினபடியால் வந்தவை. ஆக்களின் காணிக் கடதாசிகள் இருந்த கோவைகள் கீழ்த் தட்டில், எனக்கு மட்டும் விளங்குகிற ஒரு ஒழுங்கில், மட்டையில் பெயர் இல்லாமல். நான் அன்றைக்கு நித்திரையில்லாமல், பயத்தில், அதை மறந்துபோனேன். பிறகு பல வருஷம் காணி அனுமதிப்பத்திரப் பிரதி கேட்டு வந்த சனத்துக்கு இல்லை என்று சொல்லுகிற கதிரையில் நான் இருந்தேன். அந்தக் கோவைகளும் கடைசியில் மிஞ்சியிருக்குமா என்பது வேறு கதை. ஆனால் என் தலைக்குள் வைத்திருந்தேன் என்ற பெருமை அன்றோடு போயிற்று.

ஆகவே ஐயாவிடம் ஒரு கேள்வியோடு போங்கள். "ஐயா, நாளைக்கு ஒரு லான்ட்மாஸ்டர் பெட்டிதான் எண்டால் எதை ஏத்துவியள்?" அவருக்கு உடனே விளங்கும், வன்னியில் அந்த வயது ஆளுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. அவர் சொல்லுகிற கோவைகளை அவரோடு நின்று எடுத்து, முதல் இலக்கம் அவற்றுக்கே போடுங்கள், கதவுக்குக் கிட்ட இருக்கிற அலுமாரியில் வையுங்கள். பிறகு இளம் பிள்ளை ஒருத்தியை ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் அவருக்குப் பக்கத்தில் இருத்துங்கள், அவர் சொல்லச் சொல்ல அவள் கோவைப் பட்டியலை எழுதட்டும், கோவை இலக்கம், பெயர், எந்த அலுமாரி, எந்தத் தட்டு. ஒரு கோவையை யார் வெளியே எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு மட்டையில் பெயரும் திகதியும் எழுதி வைக்க வேண்டும், நீங்கள் எடுத்தாலும். அவருக்கு இன்னும் சில வருஷம்தான் இருக்கிறது, அதை அவரே எண்ணிக்கொண்டிருப்பார். 'உங்களிட்ட இருந்து எடுக்கிறோம்' என்றால் கொடுக்கமாட்டார், 'உங்கட பேரில இந்தப் பட்டியல் இருக்கும்' என்றால் ஒருவேளை கொடுப்பார். கொடுக்காவிட்டால் அப்போது எழுத்தில் கடமையாகக் கொடுங்கள், அதற்கும் நீங்கள் தயங்கக் கூடாது. 'பிள்ளை' என்பதை விட்டுவிடுங்கள் தங்கச்சி. எங்கள் பக்கம் அது பாதி பாசம், பாதி பழக்கம். வேலை நடந்தால் அந்தச் சொல் குத்துவது நின்றுவிடும்.

லேபல் ஒட்டினது ஏன் நிற்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஐந்து எஸ்ஸில் முதல் எஸ் வேண்டாததைப் பிரித்து அகற்றுவது, லேபல் அதற்குப் பிறகுதான். நீங்கள் குப்பைக்கும் சேர்த்துப் பெயர் ஒட்டியிருக்கிறீர்கள். ஆனால் அகற்றுவது என்றதும் எரித்துவிடாதீர்கள். அரச கந்தோர்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, புதிதாகத் திறக்கிற பதிவுகளைக் குறைந்தது 12 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் சங்கத்தில் எதை எத்தனை வருஷம் வைத்திருப்பது என்று கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள், அந்தப் பதிலையும் கோவையில் போடுங்கள். கணக்காய்வுக்காரர் வந்து நிற்கும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்தக் கடிதம்தான்.

கடிதம் என்றதும் இன்னொன்று. உள்வரும் கடிதப் பதிவேடு உங்களிடம் இருக்கும், ஆனால் கடைசி நிரல், அதுதான் 'நடவடிக்கை முடிந்த திகதி', வெறுமையாக இருக்கும், பந்தயம் கட்டலாம். நான் வேலை செய்த ஓர் இடத்தில் கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. வாசிக்கத் தெரிந்தவர் அன்று லீவு. அவர் வரட்டும் என்று மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தவன் நான். அவர் வந்தார், நான் மறந்துவிட்டேன், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கடதாசி நாலு நாளில் மேசையின் நிறமாகிவிடும். அது விபரம் அனுப்பக் கேட்ட கடிதம், திகதி கடந்து போய், அந்த வருஷ ஒதுக்கீட்டில் எங்கள் பிரிவுக்கு வர வேண்டியது வரவில்லை. வடக்கில் நிருவாக மொழி தமிழ், தமிழில் அனுப்பும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேளுங்கள். அதே நேரம் வந்த கடிதத்தை அன்றைக்கே யாரிடமாவது வாசிப்பித்து, பதில் கேட்கிற திகதியை ஒரு நினைவூட்டல் கொப்பியில் இரண்டு நாள் முந்தியே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் கந்தோர் திறந்ததும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது போனை இல்லை, அந்தக் கொப்பியில் அன்றைய பக்கத்தை. சேமலாப நிதிக் காசு (ஊழியரின் 8 வீதம், சங்கத்தின் 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதியத்துக்குச் சங்கம் கட்டும் 3 வீதம்) மாதா மாதம் கட்டுகிற திகதியும் அதிலேயே இருக்கட்டும். பிந்தினால் மேலதிகமாகக் கட்ட வேண்டி வரும், அதைவிடப் பெரிது, உங்கள் ஆக்கள் உங்களை நம்பாமல் விடுவார்கள்.

கணினியில் எல்லாம் ஏற்றினால் இந்தக் கொப்பிகள் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஏற்றுங்கள், நல்லது. ஆனால் 2022 இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் எந்தக் கந்தோரில் கவுண்டர் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கணினியில் இருப்பதற்கு ஒரு பிரதி கந்தோருக்கு வெளியே வேறு கட்டிடத்திலும் இருக்க வேண்டும்.

ஏழு மணிக்கு வீடு போகிற கதை. ஒரு கிழமைக்கு நீங்கள் கை வைக்கிற ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள், வெட்கப்படாமல். போட்டோக் கொப்பி எடுத்தது, கடித உறையில் விலாசம் எழுதினது, மற்றவர் கூட்டின கணக்கைத் திரும்பக் கூட்டினது எல்லாம் வரும். அவற்றில் உங்கள் கையெழுத்தும் உங்கள் தீர்மானமும் உண்மையாகத் தேவைப்பட்டவை எத்தனை என்று பாருங்கள், மற்றதைப் பிரித்துக் கொடுங்கள். கொடுத்தால் பிழை விடுவார்கள்தான். முதல் மாதம் விடட்டும், திருத்தச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள், நீங்கள் எடுத்துத் திருத்தாதீர்கள். அங்கேதான் அநேக முகாமையாளர்கள், முக்கியமாக நல்லாய் வேலை தெரிந்தவர்கள், சறுக்குகிறார்கள். கொடுக்கக் கூடாத ஒன்று உண்டு: காசு வாங்குகிறவரும் பற்றுச்சீட்டு எழுதுகிறவரும் காசேடு பதிகிறவரும் ஒரே ஆளாக இருக்க விடாதீர்கள், எவ்வளவு நம்பிக்கையான பிள்ளை என்றாலும். அது அந்தப் பிள்ளைக்கே பாதுகாப்பு. பின்னேரம் காசை எண்ணி, காசேட்டோடு ஒத்துப் பார்த்து இரண்டு பேர் கையெழுத்து வைக்கட்டும், அதில் ஒன்று உங்களுடையது. இதற்கு இருட்டும்வரை நிற்கத் தேவையில்லை, கவுண்டரை மூன்றரைக்கு மூடினால் நாலரைக்கு முடியும்.

கடைசியாகத் தேத்தண்ணி. நிற்பாட்டாதீர்கள். வெயிலுக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, எட்டரையில் இருந்து சனத்தோடு மல்லுக்கட்டுகிற ஆக்களுக்கு அந்தக் கால் மணித்தியாலம்தான் மூச்சு. கவுண்டர் மூடுவதுதான் உங்கள் பிரச்சினை, தேத்தண்ணி இல்லை. நாலு பேர் பத்துக்குப் போகட்டும், மற்ற நாலு பேர் பத்தேகாலுக்கு, யார் எந்தக் கூட்டம் என்பதை அவர்களே பேசி எடுக்கட்டும். நீங்கள் ஒரு நாள் முதல் கூட்டத்தோடும் ஒரு நாள் இரண்டாவதோடும் போங்கள், உங்கள் கோப்பையை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். லிகிதர் ஐயா எந்தக் கூட்டத்தில் போகிறார் என்று பார்த்து, அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் இருந்து, பழைய பதிவேடு எழுதின கதையைக் கேளுங்கள். பனங்கட்டி கொண்டு வருகிற ஆளாக இருந்தால் உங்களுக்கும் ஒரு துண்டு கிடைக்கும்.